மீன் தொட்டிக்குப் போட்ட படிகாரம்

எனக்குக் கலங்கல் தண்ணீர் ஆகாது. குடத்தின் அடியில் ஒரு விரற்கடை மண் படிந்திருந்தால்கூட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வருகிற நாட்களில் ஆறு செக்கச்செவேலென்று ஓடும். ஊரே கரையில் நின்று பார்க்கும். நான் மட்டும் படிகாரக் கட்டியை எடுத்துக்கொண்டு குடங்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். நூலில் கட்டி மூன்று சுற்று சுற்றி, உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் மண்ணெல்லாம் திரண்டு அடியில் போய்ப் படிந்துவிடும். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்த என் வீட்டுக்காரர், "விட்டா ஆத்தையே வடிகட்டிப்புடுவ போலிருக்கே" என்று சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பவர், நான் எதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவள். அப்படியே முப்பது வருஷம் குடும்பம் நடத்தினோம்.

எங்கள் ஊர் நன்னிலத்திலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு ஓர் ஆண் சவூதியிலோ துபாயிலோ இருந்தார். என் வீட்டுக்காரரும் அப்படித்தான், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார். ஆற்றுக்கு அக்கரையில் எங்களுக்கு அரை வேலி, மூன்று ஏக்கர் சொச்சம், நிலம் இருந்தது. அதைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர் என் வீட்டுக்காரரோடு ஒரே பெஞ்சில் படித்தவர், அந்த நண்பருடைய அப்பா காலத்திலிருந்தே நிலம் அவர்கள் கையில்தான். இவர் அங்கிருந்து கடிதம் போட்டால் எனக்கு ஒரு பக்கம் இருக்கும், நண்பருக்கு இரண்டு பக்கம் இருக்கும். அந்த மனிதர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், நான் அவரை அண்ணே என்பேன். ஆனாலும் அந்த இரண்டு பக்கக் கடிதம் எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

ஒரு முறை என் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது என் மகளுக்கு ஆறு வயது. வாசலில் டாக்சி வந்து நின்றதும் அவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அந்த மாமா எப்ப போவாங்க?" என்று என்னிடம் கேட்டாள். அவர் காதில் அது விழுந்துவிட்டது. அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை. பொம்மை கொடுத்தார், சாக்லேட் கொடுத்தார். பிள்ளை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாள், கிட்டே வரமாட்டாள். ஒரு வாரம் பார்த்தவர், தஞ்சாவூருக்குப் போய் ஒரு கண்ணாடித் தொட்டியும் நான்கு தங்கமீனும் வாங்கிக்கொண்டு வந்தார். மீன் பையைத் தம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். காற்று ஊதுகிற சின்ன மோட்டார் அவர் பெட்டியில் ஏற்கெனவே இருந்தது. துபாயில் வாங்கியபோதே மனதில் ஏதோ கணக்குப் போட்டிருக்கிறார்.

அந்தத் தொட்டிதான் அவளை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டு பேரும் கூழாங்கல் கழுவினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் நாள் அவள் தன் அப்பாவை "அத்தா" என்று கூப்பிட்டாள். ஐப்பசி பிறந்ததும் அவர் கிளம்பினார். கிளம்பும்போது என்னிடம் சொன்னது இதுதான்: "தொட்டி புதுசு. கொஞ்ச நாள்ல பால் மாதிரி கலங்குமாம், கடைக்காரர் சொன்னாரு. கலங்குனா பயந்துக்கிட்டு எதுவும் செஞ்சு வைக்காத. தானா தெளிஞ்சிடுமாம். உன் கை சும்மா இருக்காது, அதான் சொல்றேன்." பக்கத்தில் நின்ற நண்பரிடம், "பாத்துக்கடா" என்றார். வீட்டைச் சொன்னாரா, நிலத்தைச் சொன்னாரா, மீனைச் சொன்னாரா என்று தெரியாது. எல்லாவற்றையும்தான் சொல்லியிருப்பார்.

அவர் போன நான்காம் நாள் தொட்டி கலங்கியது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துப் போய், மறுநாள் அதுவே கெட்டியாகி, மீன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று. கூடத்தில் வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் அது இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. தண்ணீரை முழுக்க இறைத்துக் கொட்டினேன், கூழாங்கல்லைச் சவுக்காரம் போடாத குறையாகத் தேய்த்தேன், அடிபம்பில் அடித்துப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் மாலை மறுபடியும் கழுநீர்தான். மறுபடியும் இறைப்பேன். வயலில் தண்ணீர் கெட்டால் வடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள், அதையே பார்த்து வளர்ந்த எனக்கு வேறு எப்படித் தோன்றும்? மகளோ, அத்தா இல்லாததால் மீன்கள் வாடியிருக்கின்றன என்று ஒரு நாளைக்கு ஆறு முறை தீனி போட்டாள். பத்து நாள் இப்படியே போனது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின.

இதற்கு நடுவில் என் தாய்மாமா அடிக்கடி வர ஆரம்பித்தார். அவருக்கு வேட்டியின் கரை ஆட்சிக்குத் தகுந்தாற்போல மாறும். அப்போது ஆளுங்கட்சிக் கரை கட்டியிருந்தார். சாகுபடி செய்கிறவன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் நிலத்துக்காரன் அவனை அசைக்க முடியாது என்று ஊரெங்கும் பேச்சாக இருந்த சமயம். சில ஊர்களில் அறுவடைக்கு இறங்க விடாமல் இரண்டு தரப்பும் வரப்பில் நின்றார்கள், போலீஸ் வந்தது. மாமா சொல்வார்: "இவன் இன்னும் பதியல. பதியறதுக்குள்ள விட்டுக்கொடுத்துட்டதா எழுதி வாங்கிடணும். உன் புருஷன்தான் கேக்க மாட்டேங்குறான்."

உண்மைதான். மாமா எழுதிய கடிதங்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில்தான் போட்டார். அவன் இருக்கிறவரை நிலம் அவன் கையில், இனிமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம். நண்பரும் அப்படித்தான். அவருடைய உறவினர்கள் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டபோது, "எங்களுக்குள்ள எழுத்து எதுக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ஓர் ஆண் சொன்ன வார்த்தையை நம்பி இன்னோர் ஆண் தம் குடும்பத்தின் பிழைப்பையே அதன்மேல் நிறுத்தியிருந்தார். அதற்குள் கையை விட்டவள் நான்.

ஒரு சாயங்காலம் அந்த நண்பர் வயலிலிருந்து நேராக வந்தார். வாழையிலை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தொட்டியைப் பார்த்தார். நான் அப்போதுதான் அன்றைய தண்ணீரை இறைக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, தெனம் மாத்துறீங்களா?"

"மாத்தலேன்னா நாறிப் போயிடும்ண்ணே."

"சேறடிச்ச வயலைப் பாத்திருக்கீங்கல்ல? கலங்கித்தான் கிடக்கும். மடையை அடைச்சு மூணு நாள் மறிச்சு வச்சா தெளிஞ்சிடும். தொறந்து தொறந்து விட்டா என்னிக்குமே தெளியாது. கையை வைக்காம விட்டுப் பாருங்களேன்."

நல்ல மனிதர் நல்லபடியாகத்தான் சொன்னார். எனக்கு ஏன் அப்படிச் சுருக்கென்றதோ. நிலத்தைத்தான் வைத்திருக்கிறீர்கள், வீட்டுக்குள்ளும் வந்து எனக்கு யோசனை சொல்கிறீர்களா என்று தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் ஈரத் துணியில் சுற்றிய வேலம்பாசி, வாய்க்காலில் பறித்தது. அடிபம்படியில் மூன்று முறை அலசி, என்னிடம் கேட்டுக்கொண்டு, தம்மை மாமா என்று கூப்பிடுகிற மகள் கையாலேயே தொட்டியில் போட வைத்தார். "மீனுக்கு இது வயக்காடு மாதிரி பாப்பா. இனிமே தண்ணி தெளிஞ்சிடும்" என்றார். மகள் அன்று சிரித்துக்கொண்டே தூங்கப் போனாள்.

காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். தண்ணீர் அப்படியேதான் கலங்கலாக இருந்தது. ஆனால் மீன்கள் நன்றாக இருந்தன. இதை நான் திட்டமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. நான்கும் பாசிக்குள் புகுந்து புகுந்து வந்தன. ஒன்று இலையைக் கொறித்துக்கொண்டிருந்தது. அத்தனை நாளில் அவை அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

பேசாமல் அடுக்களைக்குப் போய்த் தேநீர் போட்டிருக்கலாம். அடுக்களைக்குத்தான் போனேன், மாடத்திலிருந்த படிகாரக் கட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். மூன்று சுற்று சுற்றினேன். தெளிகிற மாதிரி தெரியவில்லை. எலுமிச்சம்பழம் அளவு கட்டி அது. நூலோடு உள்ளேயே போட்டுவிட்டேன். மகள் எழுந்து வருவதற்குள் தண்ணீர் தெளிய வேண்டும் என்ற ஒரே நினைப்புதான். தெளிந்தால், படிகாரத்தைச் சொல்லாமல், என் கையால் தெளிந்தது என்று ஒரு வரி இவருக்கு எழுதலாம் என்றும் நினைத்தேன். அதையும் மறைக்கவில்லை.

தெளிந்தது. பஞ்சு பஞ்சாகத் திரண்டு கீழே இறங்கி, அவள் எழுந்து வந்தபோது தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகப்படும்படி இருந்தது. மிச்சக் கட்டியை அதற்குள் எடுத்து ஒளித்துவிட்டேன். "ம்மா, மாமா பாசி வேலை செஞ்சிடுச்சு" என்று குதித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் படிகாரத்தைச் சொன்னால் இவருக்கு எழுதச் சொல்லிவிடுவாள், அவர் எதுவும் செய்யாதே என்று சொல்லிவிட்டுப் போனவர். சும்மா இருந்தேன். அவள் பள்ளிக்கூடம் போனாள்.

பதினோரு மணிக்கு ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து நீந்தியது. நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்வதற்குள் நான்கும் மேலே மிதந்தன. அவ்வளவு தெளிந்த தண்ணீரில் அவற்றை எந்தப் பக்கம் நின்றாலும் பார்க்க முடிந்தது. எடுத்துப் புதைத்துவிட்டு, ஓடிப் போய்விட்டன என்று பிள்ளையிடம் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். தொட்டியிலிருந்து மீன் எங்கே ஓடும்? அப்படி நான் நின்றுகொண்டிருந்தபோதுதான் மாமா வந்தார்.

தொட்டியைப் பார்த்தார், பாசியைப் பார்த்தார். "யார் கொண்டாந்தது?" என்றார். சொன்னேன். "வயலுக்கு இந்த வாரம் மருந்தடிச்சிருக்கான், நானே பாத்தேன். அந்த வாய்க்கால் பாசிய கொண்டாந்து பச்சப்புள்ள கைய வைக்கிற தொட்டியில போட்டிருக்கானே" என்றார். நான் குனிந்து மீன்களைக் கிண்ணத்தில் அள்ளினேன். சாயங்காலம் மகள் வந்தாள். அவள் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. அழுகைக்கு நடுவில் நிமிர்ந்து, "மாமா பாசியாலயாம்மா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை என்னை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இருக்கும்" என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு நான் நேராகச் சொன்ன பொய்.

இவருக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பொய்கூட இல்லை. 'உங்கள் சிநேகிதர் வாய்க்காலிலிருந்து பாசி கொண்டுவந்து மகள் கையால் தொட்டியில் போட வைத்தார். மறுநாள் மீன்கள் எல்லாம் செத்துவிட்டன.' இரண்டும் உண்மை. நடுவில் நடந்ததை எழுதாமல் விட்டேன். கூடவே ஒரு கேசட்டில் மகள் பேசி அனுப்பினாள். பேசினாள் என்று எங்கே சொல்வது, அத்தா மீன் செத்துப் போச்சு அத்தா என்று அழுததுதான் அதில் இருந்தது. மாமா தம் பங்குக்கு மருந்தடித்த கதையையும், நண்பர் தாலுகா ஆபீசுப் பக்கம் தென்பட்டதாக ஒரு கதையையும் சேர்த்து எழுதினார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மாமாவுக்கு ஒரு வரி: உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள். நண்பருக்குத் தனியாக ஒரு கடிதம். அதில் என்ன எழுதியிருந்தார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு எழுதியதில் இப்படி இருந்தது: 'மீன் போனால் போகட்டும். மருந்தடித்த தண்ணீர் என்று தெரிந்தும் என் பிள்ளை கையால் போட வைத்தானே, அதுதான் எனக்கு ஆறவில்லை.' அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் அழுதேன். உடனே ஒரு கடிதம் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்துதான் அழுதேன். எழுத உட்கார்ந்தேன். இரண்டு முறை கிழித்தேன். மூன்றாம் முறை உட்காரவில்லை.

தை அறுவடை முடிந்ததும் மாமா வீட்டில் நண்பரைக் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். அவர் சண்டை போடுவார் என்று மாமா நான்கு ஆளைத் துணைக்கு வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அவர் விவசாயச் சங்கக் கொடி பிடித்தவர்கள் யாரிடமாவது போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வயலில் யாரும் கால் வைத்திருக்க முடியாது. அவரோ ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேலே துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பயந்துட்டான் என்று மாமா எல்லாரிடமும் சொன்னார். சித்திரைக்குள் குடும்பத்தோடு வேதாரண்யம் பக்கம், மனைவியின் ஊருக்குப் போய் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நெல்லைத் தவிர வேறு எதையும் தொட்டறியாத மனிதர்.

என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு வந்த லீவுகளில் அக்கரைப் பக்கம் போகவில்லை. நிலத்தை ஆள் வைத்துப் பார்த்தோம், சரிவரவில்லை, விற்றுவிட்டோம். ஒரு முறை சாப்பிட்டுக்கொண்டே, "அவன் வேணும்னு செஞ்சிருக்க மாட்டான்ல?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, தம்மையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" என்று கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

திருவாரூரில் மீன் விற்கிற கடை ஒன்று வந்தபோது, வாங்குகிற மாதிரி போய் நானே விசாரித்திருக்கிறேன். புதுத் தொட்டித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகுகிற நேரத்தில் அப்படித்தான் வெளுக்கும், தண்ணீரை மாற்ற மாற்றத் தள்ளிப்போகும், தீனியைக் குறைத்துவிட்டுச் சும்மா இருந்தால் அடங்கிவிடும் என்றார் கடைக்காரர். படிகாரம் போட்டால் என்னாகும் என்று கேட்டேன். "அய்யோ, கட்டியாவா? தண்ணி புளிச்சு செவுள் வெந்துடும்மா. யாரும்மா அப்படிப் போடுவாங்க?" என்றார். பக்கத்து வீட்டில் போட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் மௌத்தானது மாரடைப்பில். திரும்பி வந்து ஊரோடு இருந்த ஐந்தாம் வருஷம். நான் இத்தா இருந்தேன். நாலு மாதம் பத்து நாள் அறைக்குள் இருக்க வேண்டும், சொந்தத்தில் இன்ன இன்னாரைத் தவிர வேறு ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. அறை வாசலில் திரை கட்டியிருந்தார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் கூடத்தில் நின்று திரையைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு பகல்பொழுதில், "தங்கச்சி" என்று ஒரு குரல் கேட்டது. பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஆள் யாரென்று உடனே தெரிந்துவிட்டது.

வேதாரண்யத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தார். சேதி தாமதமாகத்தான் எட்டியதாம். மகள் அவருக்கு நாற்காலி போட்டாள். அவர் உட்கார்ந்தாரா என்று எனக்குத் தெரியாது, குரல் மட்டும்தான் வந்தது.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடணும்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டே இருந்தேன் தங்கச்சி. மூஞ்சி இல்லாம போச்சு. அந்த வாரம் மருந்தடிச்சது நெசந்தான். மருந்துத் தண்ணி வடியுற வாய்க்கால்ல பறிக்கலேன்னுதான் நெனச்சேன், மேல் மடையிலதான் போய் பறிச்சேன். ஆனா மீன் செத்துப்போச்சே. அப்ப தண்ணி எப்படியோ எறங்கியிருக்கணும்ல? அவன் கடுதாசியில, எம்புள்ள கையிலயா குடுத்தன்னு கேட்டிருந்தான். வீட்டுல எல்லாரும் தாலுகா ஆபீசுக்குப் போன்னு கெடந்து அடிச்சுக்கிட்டாங்க. புள்ளைக்கு விஷத்தைக் குடுத்த கையோட எப்படிப் போயி அவன் நிலத்தைக் கேப்பேன்? அதான் எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டேன்."

மகள், "எந்த மீன் மாமா?" என்று கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே நினைவில்லை.

என் முகத்தை யாரும் பார்க்க முடியாது. யார் முகத்தையும் நான் பார்க்க வேண்டியதில்லை. ஒரு மனுஷி உண்மையைச் சொல்ல இதைவிட வசதியான இடத்தை அல்லாஹ் கொடுக்க மாட்டான். படிகாரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. கணவனை இழந்து உட்கார்ந்திருக்கிறேன், மகள் பக்கத்தில் நிற்கிறாள், இன்றைக்கு வேண்டாம் என்று அதை விழுங்கினேன்.

"அவங்க அதையெல்லாம் எப்பவோ மறந்துட்டாங்கண்ணே. உங்க மேல அவங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றேன்.

"அப்படியா சொன்னான்?"

"சொன்னாங்க."

அவர் விம்மியது திரைக்குள் கேட்டது. பிறகு மூக்கைச் சிந்தி, "நீங்க சொன்னதே போதும் தங்கச்சி, இனிமே நான் நிம்மதியா இருப்பேன்" என்றார். மகள் வைத்த சோற்றைச் சாப்பிட்டார். மூன்று மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, திரைக்கு வெளியில் நின்று எனக்கு நன்றி சொன்னார். செய்யாத தவறுக்கு அவரை மன்னித்து அனுப்பிவைத்தேன்.